மாஸ்டர் சாவி யார் கையில்?

‘சிஸ்டம் அப்டேட் தயார்’ என்று போனில் அறிவிப்பு வந்தால், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விரலால் ஒதுக்கிவிடுபவர்கள்தான் அதிகம். டேட்டா தீர்ந்துவிடும், போன் ஸ்லோ ஆகிவிடும், சார்ஜ் இல்லை... காரணத்துக்கா பஞ்சம்? அந்த அப்டேட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று இந்த வாரம் பார்ப்போம்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனை ஓர் அபார்ட்மென்ட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆப்பும் ஒரு வீடு. பேங்க் ஆப் வீட்டின் பீரோவை டார்ச் ஆப்பால் திறக்க முடியாது. நடுவில் இருக்கும் சுவர்களைக் காவல் காப்பது, எல்லாவற்றுக்கும் அடியில் இயங்கும் ‘கெர்னல்’. மாஸ்டர் சாவி அதனிடம்தான் இருக்கிறது. ஒரு சாதாரண ஆப், கெர்னலில் உள்ள ஓட்டை வழியாக அந்தச் சாவியைக் கைப்பற்றினால் என்ன ஆகும்? குடிவந்தவர் ஓனர் ஆகிவிடுவார்! இதற்கு ‘பிரிவிலேஜ் எஸ்கலேஷன்’ என்று பெயர்.

சரிசெய்தும் சரியாகாத ஓட்டை

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆப்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாற உதவும் ‘பைண்டர்’ என்ற பகுதி ஆண்ட்ராய்டு கெர்னலில் உண்டு. காலி செய்த வீட்டுக்குப் பழைய சாவி தொடர்ந்து வேலை செய்வதுபோல, விடுவிக்கப்பட்ட மெமரி இடத்தை மறுபடியும் பயன்படுத்தும் பிழை ஒன்று அதில் இருந்தது. 2017 நவம்பரிலேயே ஒரு தானியங்கி சோதனைக் கருவி அதைக் கண்டுபிடித்தது. 2018 பிப்ரவரியில் கெர்னலில் சரிசெய்தும் விட்டார்கள்.

ஆனால், மாதாமாதம் வரும் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட் பட்டியலில் அந்தத் திருத்தம் சேரவில்லை. அதனால் ஏற்கெனவே விற்பனையில் இருந்த பல போன்களில் ஓட்டை அப்படியே இருந்தது. பிக்சல் 2, சாம்சங் எஸ்7, எஸ்8, எஸ்9, ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5, ஓப்போ ஏ3 எல்லாம் அதில் அடக்கம்.

2019 செப்டம்பர் இறுதியில் கூகுளின் ‘ப்ராஜெக்ட் ஜீரோ’ குழு, இந்த ஓட்டை மீண்டும் கண்ணில் பட்டதும் ஆண்ட்ராய்டு குழுவிடம் சொன்னது. வழக்கமாகத் தரும் அவகாசம் 90 நாள். இந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடக்கிறது என்ற தகவல் இருந்ததால், 7 நாள்தான் கொடுத்தார்கள். அந்த அக்டோபரில்தான் அப்டேட் வந்தது. திருத்தம் எழுதியதற்கும் போனுக்கு வந்து சேர்ந்ததற்கும் இடையே சுமார் 20 மாதங்கள்!

2020 ஜனவரியில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் இன்னொரு விஷயத்தைச் சொன்னது. ‘கேமரோ’ என்ற போட்டோ ஆப் இதே ஓட்டையைப் பயன்படுத்தி, சில மாடல்களில் போனின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொண்டு, பயனருக்குத் தெரியாமல் ஓர் உளவு ஆப்பை இறக்கியது. போன் இருக்கும் இடம், ஸ்க்ரீன்ஷாட், ஜிமெயில், ஃபேஸ்புக் தகவல்கள் வரை திருடக்கூடியது அது. கேமரோ கிடைத்தது எங்கே தெரியுமா? பிளே ஸ்டோரில்! பிறகுதான் கூகுள் அதை நீக்கியது.

நீங்கள் செய்ய வேண்டியது

* செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ அல்லது ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ பகுதிக்குப் போய், ‘செக்யூரிட்டி அப்டேட்’ தேதியைப் பாருங்கள். சில மாதங்களுக்கு முந்தைய தேதி என்றால், புது அப்டேட் காத்திருக்கிறதா என்று தேடி, வைஃபையில் போட்டுவிடுங்கள்.

* வாட்ஸ்அப்பை அப்டேட் செய்வது வேறு, சிஸ்டம் அப்டேட் வேறு. முதலாவது ஒரு வீட்டுக்கு வெள்ளையடிப்பது. இரண்டாவதுதான் கேட்டின் பூட்டை மாற்றுவது.

* புது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் என்றும் கேளுங்கள்.

* நாம் புது போன் வாங்கியதும் பழையது அம்மாவுக்கோ மாமனாருக்கோ போகும். பென்ஷன் அக்கவுன்ட்டும் யுபிஐயும் அதில்தான் இருக்கும். அப்டேட் நின்றுபோன போன் என்றால், பாட்டு கேட்கவும் பேரனோடு வீடியோ காலில் பேசவும் அது போதும். பணம் இருக்கும் ஆப்களை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்றைக்கே வீட்டில் உள்ள எல்லா போன்களிலும் அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். பெரியவர்களின் போனிலிருந்து ஆரம்பியுங்கள்.