சந்தேகமும் வேண்டாம், வேவும் வேண்டாம்



வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டும் காலணி தைத்தும் வாழ்ந்து வருகிறார்கள். அவர்கள் தைத்த காலணியை அணிந்தவர் யார் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது; இடையில் ஏஜென்டும் ஏற்றுமதியாளரும் இருந்தார்கள். இன்று நிலைமை மாறியிருக்கிறது. சிறு குடும்பங்களும் சொந்தமாக இணையத்தில் கடை திறந்து, பர்ஸ், பெல்ட், செருப்பு ஆகியவற்றை நேரடியாக விற்கின்றன. நோட்டீஸ் ஒட்டிய இடத்தில் இப்போது கூகுள் விளம்பரக் கணக்கு வந்திருக்கிறது. புதிய வணிகத்தோடு புதிய பொறுப்புகளும் வந்துள்ளன. அவற்றில் ஒன்றைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

வேலூரை அடுத்த பாகாயத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வசிக்கிறது. குடும்பத் தலைவர் ஆம்பூர் ஷூ தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் கட்டிங் பிரிவில் வேலை செய்தவர். இப்போது வீட்டிலேயே இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு பர்ஸும், நீரிழிவு நோயாளர்களுக்கான எம்சிஆர் செருப்பும் செய்து விற்கிறார். அந்தச் செருப்புக்கும் வேலூர் மண்ணுக்கும் உறவு உண்டு. 1946-இல் வேலூர் சிஎம்சி-க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்ச்சி இழந்த கால்களில் புண் வராமல் காக்க மென்மையான ரப்பர் காலணிகளை உருவாக்கும் பணியில் முன்னின்றவர். உணர்ச்சி மங்கிய நீரிழிவுக் கால்களுக்கும் அவ்வகைக் காலணியே இன்று துணையாக இருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் விளம்பரங்களைக் கவனித்தவர் அவருடைய தங்கை மகன். ஒரு ரமளான் மாதத்தில், பெருநாள் விற்பனையை எண்ணி, வழக்கத்தைவிட அதிகமாகச் செலவிட்டார்கள். மாத இறுதியில் விளம்பரக் கணக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளிக்குகளைக் காட்டியது. இணையதளத்துக்கு வந்தவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸோ எழுநூற்றுச் சொச்சம் வருகைகளையே காட்டியது. முந்நூறு பேர் எங்கே போனார்கள்? அந்தப் பணம் எங்கே போனது? வீட்டில் பேச்சு தடித்தது. "மாமா, அல்லாஹ்மீது ஆணையாக நான் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை" என்று அந்த இளைஞர் சொல்லும் நிலை வந்தது. பெருநாளன்று இரு வீட்டாரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஒரே தட்டில் பிரியாணி உண்ணவில்லை.

உண்மையில் எவரும் எதையும் எடுக்கவில்லை. கிளிக் என்பது வேறு, வருகை என்பது வேறு. விளம்பரத்தைத் தொட்ட உடனே கிளிக் பதிவாகிவிடுகிறது. தளம் திறந்து, அதிலுள்ள எண்ணும் நிரல் இயங்கிய பிறகே வருகை பதிவாகிறது. இணைய வேகம் குறைந்த இடத்தில் பக்கம் திறக்கும் முன் ஒருவர் திரும்பிவிட்டால் கிளிக் உண்டு, வருகை இல்லை. ஒருவரே பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை தொட்டால் கிளிக் இரண்டு, வருகை பெரும்பாலும் ஒன்று. கண்காணிப்பைத் தடுக்கும் உலாவியை வைத்திருப்பவர் வந்து போனாலும் எண்ணிக்கையில் சேரமாட்டார். தேதியிலும் வேறுபாடு உண்டு. ரமளான் 20-இல் விளம்பரத்தைத் தொட்டவர் 27-இல் வாங்கினால், விளம்பரக் கணக்கு அந்த விற்பனையைத் தொட்ட நாளில் எழுதுகிறது. அனலிட்டிக்ஸ் வாங்கிய நாளில் எழுதுகிறது. இரண்டு ஏடுகளும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்க அங்கே ஆளில்லை, அவ்வளவுதான்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம். அல் பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனமே அது. எழுதி வைப்பதற்கான காரணங்களுள் ஒன்றையும் அவ்வசனமே சுட்டுகிறது: உங்களுக்குள் ஐயம் எழாதிருக்க அது நெருக்கமான வழி. ஏடு சரியாக இல்லாத இடத்தில் சந்தேகம் நுழைகிறது. சந்தேகம் நுழைந்த வீட்டில் உறவு முறிகிறது. எனவே விளம்பரக் கணக்கையும் வருகைக் கணக்கையும் இணைப்பதை வெறும் தொழில்நுட்ப வேலையாக நாம் கருதவில்லை. கூட்டாகத் தொழில் செய்வோர் தமக்குள் ஏட்டைத் திறந்து வைப்பதே அது.

இணைப்பு கடினமானதன்று. அனலிட்டிக்ஸில் திருத்தும் உரிமையும் விளம்பரக் கணக்கில் நிர்வாகி உரிமையும் உள்ள ஒருவர் சில நிமிடங்களில் செய்துவிடலாம். ஆட்டோ டேகிங் என்ற வசதி இயங்கும்போது ஒவ்வொரு விளம்பரக் கிளிக்கின் முகவரியிலும் ஓர் அடையாளக் குறி சேர்கிறது. அதனைக் கொண்டு, எந்த விளம்பரத்திலிருந்து வந்தவர் செருப்பு வாங்கினார், எதிலிருந்து வந்தவர் உடனே திரும்பினார் என்பது ஒரே இடத்தில் தெரியவரும். பயனற்ற விளம்பரத்தை நிறுத்திவிடலாம். வீண்விரயத்தைத் தடுப்பதும் மார்க்கம் நமக்குக் கற்பித்ததுதானே!

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. நம்மவர் பலர் விளம்பரத்தை ஏஜென்சியிடம் ஒப்படைக்கும்போது கணக்கையும் அவர்கள் பெயரிலேயே திறக்க விடுகிறார்கள். பிரியும் நாளில் ஆண்டுக்கணக்கான பதிவுகள் அவர்களோடு போய்விடுகின்றன. கடை நம்முடையதென்றால் கணக்கும் நம் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும். இரண்டாவது, இரட்டை எண்ணிக்கை. தளத்தில் விளம்பரக் கணக்கின் நிரலும் இருந்து, அதே விற்பனை அனலிட்டிக்ஸ் வழியாகவும் முதன்மை விற்பனையாகச் சேருமானால் ஒரு ஜோடி செருப்பு இரண்டாகத் தோன்றும். டெலிவரியில் பணம் தருவதாகச் சொல்லிப் பின் வாங்காமல் திருப்பி அனுப்பிய பார்சலும் நாம் நீக்காதவரை விற்பனையாகவே நிற்கும். அந்த எண்ணை நம்பி இயந்திரம் மேலும் செலவழிக்கும். தெரிந்தே அந்த எண்ணைக் காட்டி வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குகிற சகோதரர்கள், அளவில் மோசடி செய்வோரைப் பற்றி இறங்கிய 83-ஆவது அத்தியாயத்தை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும். தராசு திரைக்குள் இருந்தாலும் அது தராசே.

பாகாயத்துக் குடும்பமும் பிறகு இரண்டு கணக்குகளையும் இணைத்தது. மாமாவும் மருமகனும் ஒன்றாக உட்கார்ந்து எண்களைப் பார்த்தார்கள். மனக்கசப்பு நீங்கியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தார். கோபமாகப் பேசவில்லை, தாழ்ந்த குரலில் பேசினார். "தம்பி, நான் செருப்பு மட்டும்தான் வாங்கினேன். என் நோயை ஏன் என் வீட்டாருக்கு அறிவிக்கிறீர்கள்?"

நடந்தது இதுதான். இணைப்பின்போது தனிப்பயன் விளம்பரத்துக்கான வசதி, நாம் அணைக்காவிட்டால், தானாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. அதன் வழியாகத் தளத்துக்கு வந்தவர்களின் பட்டியல் விளம்பரக் கணக்குக்குச் செல்ல முடியும். விற்பனை கூடட்டும் என்று எண்ணி அந்த இளைஞர் அப்பட்டியலில் இருந்தவர்களுக்கே நீரிழிவுச் செருப்பின் விளம்பரத்தை மீண்டும் மீண்டும் காட்டினார். அந்த வாடிக்கையாளரின் கைப்பேசியில்தான் அவருடைய பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். வீட்டில் கவலைப்படுவார்களே என்று அவர் மறைத்து வைத்திருந்த காலின் புண்ணை ஒரு விளம்பரப் படம் வெளிப்படுத்திவிட்டது. நோய், மதம் போன்றவற்றை வைத்து ஆட்களைப் பின்தொடரக் கூடாது என்று கூகுளின் விளம்பர விதிகளே சொல்கின்றன. பட்டியலுக்கு எந்த நோயின் பெயரையும் அந்த இளைஞர் இடவில்லைதான். ஆனால் கடையின் பாதிச் சரக்கு அந்தச் செருப்பாக இருக்கும்போது பட்டியலே நோயைச் சொல்லிவிடுகிறது.

சூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆவது வசனத்தை இங்கே நினைவுகூர வேண்டும். அதிகமான சந்தேகங்களிலிருந்து விலகியிருக்குமாறு முஃமின்களுக்குக் கட்டளையிடும் அதே வசனம், பிறரைத் துருவி ஆராய்வதையும் உடனே தடுக்கிறது. கணக்குகளை இணைக்காதபோது அந்தக் குடும்பம் முதல் தவறில் விழுந்தது. கவனமின்றி இணைத்தபோது இரண்டாவது தவறின் வாசலுக்குச் சென்றது. நாம் சொல்ல வருவது இவ்வளவே: இணைப்பு நம் செலவின் கணக்கை நமக்குக் காட்டட்டும், பிறருடைய வாழ்க்கையை நமக்குக் காட்ட வேண்டியதில்லை.

இது சிறு விஷயமன்று என்பதை நம் சமூகம் முன்பே கண்டிருக்கிறது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தொழுகை நேரம் பார்க்கப் பயன்படுத்திய முஸ்லிம் புரோ செயலியின் பயனர்களுடைய இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனம் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்ததாரர்களுக்குத் தரவு விற்றதையும் 2020 நவம்பரில் மதர்போர்ட் செய்தித்தளம் வெளியிட்டது. செய்தி வந்ததும் அந்தச் செயலி எக்ஸ்-மோட்டுடனான தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், வழிபாட்டு இடங்கள் உள்ளிட்ட இடங்களுக்குச் செல்வோரின் இருப்பிடத் தரவை விற்க அந்தத் தரகு நிறுவனத்துக்குத் தடை விதித்தது. அன்று நாம் எவ்வளவு கொதித்தோம்! நமக்கு நேர்ந்தபோது தவறாகத் தெரிந்தது, நம் கடைக்கு வருபவருக்கு நேரும்போது வியாபார உத்தியாகிவிடுமா?

நாட்டின் சட்டமும் இத்திசையில் நகர்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தரவைப் பெறுமுன் எதற்காகப் பெறுகிறோம் என்று அறிவித்து ஒப்புதல் பெறவேண்டும் என்றும், அந்த அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட அட்டவணை மொழிகளிலும் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் அது தடுக்கிறது. நமக்கோ இவ்வொழுக்கம் புதிதன்று. ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழையாதீர்கள் என்று சூரத்துந் நூரில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். மற்றவரின் கைப்பேசியும் இன்று ஒரு வீடுதான்.

"பெரிய நிறுவனங்கள் எல்லாம் இதைத்தானே செய்கின்றன, நாம் ஒதுங்கினால் வியாபாரம் போய்விடாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கவலைதான், மாதக் கடைசியில் கூலி கொடுக்க வேண்டியவருக்கே அதன் சுமை தெரியும். ஆனால் செலவையும் விற்பனையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆட்களைப் பின்தொடர வேண்டியதில்லை. தனிப்பயன் விளம்பர வசதியை அணைத்த பிறகும் இணைப்பு வேலை செய்கிறது. எந்த விளம்பரம் விற்றது என்பதைச் சொல்கிறது. நீரிழிவுச் செருப்பு என்று தேடுகிறவருக்கு அந்த நேரத்தில் விளம்பரம் காட்டுவது, கேட்டவருக்குக் கடையைக் காட்டுவது போன்றது. வாங்கிச் சென்றவரின் பின்னாலேயே வீடுவரை போய்க் கூவுவது வேறு.

ஆகவே இணையத்தில் தொழில் செய்யும் குடும்பங்களிடம் சிலவற்றை வேண்டுகிறோம். கணக்குகளை இணையுங்கள், இணைக்கும்போதே தனிப்பயன் விளம்பர வசதியை அணைத்து வையுங்கள். நோய், மணவாழ்வு, கடன் ஆகியவை தொடர்பான பொருள் விற்போர் வருகையாளர் பட்டியலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ பக்க முகவரியில் சேர்ந்து அனலிட்டிக்ஸுக்குப் போகாதபடி தளம் அமைத்தவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். என்ன எண்ணுகிறோம், ஏன் எண்ணுகிறோம் என்பதைத் தளத்தில் எளிய தமிழில் எழுதி, ஒப்புதல் கேளுங்கள். மாதம் ஒருமுறை, பங்குதாரர் அனைவரும் கூடி எண்களைப் பாருங்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்வது நம் வேலையன்று. ஐயம் எழுந்தால் உங்கள் ஊர் ஆலிம்களிடம் விளக்கிக் கேளுங்கள்.

தோல் தொழில் வட்டாரத்தவரான நமக்கு ஒரு பழைய பாடமும் இருக்கிறது. தொழிற்சாலைக் குழாயிலிருந்து வெளியேறிய கழிவுநீர் நம் கண்ணில் படாமல் போய்விட்டதாக நினைத்தோம். அது பாலாற்றையும் கிணற்றையும் அடைந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று உறுதிப்படுத்தியது. இரண்டு கணக்குகளை இணைப்பதும் ஒரு குழாய் போடுவதே. அதில் என்ன போகிறது, யாரைச் சென்றடைகிறது என்று குழாய் போடும் நாளிலேயே பார்ப்பது நம் கடமை.

அந்த வாடிக்கையாளரிடம் பாகாயத்துச் சகோதரர் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார். மருமகனையும் உடன் அழைத்துச் சென்றார். அந்த விளம்பரம் அன்றே நிறுத்தப்பட்டது. அவர் மன்னித்தார். நோயை அறிந்துவிட்ட வீட்டாரின் கவலையை மட்டும் யாராலும் திரும்பப் பெற முடியவில்லை.

நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும், நம் கணக்குகளை நேர்மையாகவும் ஆக்கி, பிறரின் மறைவுகளைப் பேணும் பண்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.