நான்கு தந்திக்காரர்

நம் பகுதிகளில் மெல்லிசைக் கச்சேரி முடியும் வேளையில் குழுவினரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வது வழக்கம். பாடகருக்குப் பலத்த கைதட்டல். தபேலாக்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும் அதற்கு அடுத்தபடி. கடைசியாகப் பின்வரிசையில் நிற்கும் ஒருவரின் பெயர் சொல்லப்படும். அதற்குள் மக்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவரே பேஸ் கித்தார் வாசிப்பவர். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அந்த இடத்தில் நின்ற ஓர் அன்பரைப் பற்றி இம்மாதம் பேச விரும்புகிறோம்.

பேஸ் கித்தாருக்கு வழக்கமாகத் தந்திகள் நான்கே. சாதாரணக் கித்தாரின் தாழ்ந்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே அவை ஒலிக்கும். மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிர்கிறது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட மின் பேஸ் கித்தார் பரவுமுன், ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் இந்தப் பணியைச் செய்துவந்தது. தாளத்தையும் பாட்டையும் ஒன்றாகக் கட்டிப் பிடிக்கும் பணி அது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் 1960-களில் எத்தனையோ புகழ்பெற்ற பாடல்களுக்கு வாசித்தார். இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் அது அச்சேறியது. அதையே தொழிலாகக் கொண்டவருக்கு இந்நிலை என்றால் நம் அன்பரை யார் அறிவார்?

அவர் அலுவலக எழுத்தர். 1976-இல் உள்ளூர்க் குழுவில் சேர்ந்தபோது கித்தாருக்கு ஆள் இருந்தது. பேஸ் கித்தாரை எடுக்க எவரும் முன்வராததால் இவர் எடுத்தார். ஆசிரியர் கிடையாது. வீட்டு டிரான்சிஸ்டரின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் கேட்கவே மாட்டா. ஆகவே பெரிய ஒலிப்பெட்டி வைத்திருந்த தேநீர்க் கடையில் மணிக்கணக்காக அமர்ந்து கற்றார்.

வேடிக்கை என்னவெனில், அன்றைய திருவிழாக்களில் மரத்தில் கட்டப்பட்டவை குழாய் ஒலிபெருக்கிகள். குரலை நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் அவையும் தாழ்ந்த சுரங்களை விழுங்கிவிடும். பல ஆண்டுகள் இவர் வாசித்ததை மேடையில் இருந்தோரன்றி எவரும் சரிவரக் கேட்டதில்லை. “பின் யாருக்காக வாசித்தீர்கள்?” என்று கேட்டோம்.

“டிரம்ஸ்காரருக்கு” என்றார் சிரித்துக்கொண்டே.

அவருடைய துணைவியார் சிரிக்கவில்லை. பங்குனி தொடங்கி ஆடி முடிய ஆலயத் திருவிழா, கோவில் கொடை, கலியாணம் என்று இரவுகள் போயின. வேன் வாடகையும் மைக் செட் வாடகையும் போக மிஞ்சியது சொற்பம். மூத்த மகனின் புதுநன்மை நாளன்று வெளியூரில் கச்சேரி; முன்பணம் வாங்கியாயிற்று; மாற்று ஆள் ஊரில் இல்லை. திருப்பலி முடிந்ததும் வேன் ஏறிவிட்டார். “விருந்துக்கு வந்தவர்களெல்லாம் அவர் எங்கே என்று கேட்டார்கள். நான் என்ன சொல்வேன்?” என்று அந்த அம்மையார் இன்றும் கேட்கிறார். குழுவுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தார், மெய்தான். ஆனால் அன்று அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதே நம் எண்ணம். அவரிடமே சொன்னோம், மறுக்கவில்லை. அதன்பின் மாதம் இரண்டு இரவுகள் என்று முடிவாயிற்று. எவை அந்த இரண்டு என்று நாட்காட்டியில் குறிக்கும் உரிமை அம்மையாருக்கு. பொறுப்பாளர் முணுமுணுத்தாராம், முணுமுணுக்கட்டும்!

1990-களில் கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸ் வாசிக்கத் தொடங்கியது. ஒரு பங்கு மிச்சம். பொன்னாடை போர்த்தி இவரை அனுப்பிவிட்டார்கள். கித்தார் மூன்றாண்டுகள் பீரோவுக்குப் பின்னால் நின்றது. பிறகு பங்கின் பாடகர் குழு இளைஞர்கள் வந்து அழைத்தார்கள். பீடத்தருகே இது தகுமா என்று பெரியவர் சிலர் கேட்காமலில்லை. 1963-ஆம் ஆண்டின் வழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்தபின், வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் இடமளிக்கிறது என்று பங்குத்தந்தை விளக்கினார். ஒலியை மட்டும் தாழ்த்தச் சொன்னார்.

இப்போது நள்ளிரவுத் திருப்பலியிலும் பாஸ்காவிலும் வாசிக்கிறார். புதுத் தந்திகள் விலை அதிகம் என்பதால், மங்கிய தந்திகளைக் கழற்றிக் கொதிநீரில் இட்டு அழுக்குப் போக்கி மீண்டும் பூட்டுவது அவருடைய பழைய வழக்கம். அதற்கென அம்மையார் ஒதுக்கிய அலுமினியப் பாத்திரம் அடுக்களையில் தனியே இருக்கிறது. அதில் வேறெதுவும் சமைப்பதில்லை.