அடிக்கும் கைக்குச் சட்டம் நிழலாகலாமா?

பெற்றோர் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும் என்றால், ‘இது மேனாட்டார் புதுமை’ என்று நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். 1979இல் சுவீடன் முதன்முதல் தடுத்தது உண்மையே. ஆனால் 1332இல் தூனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன், கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை அடிக்கு அஞ்சிப் பொய்யும் வஞ்சமும் பழகும், பழக்கமே பின்னர் இயல்பாகிவிடும் என்று தமது முகத்திமாவில் எழுதிவைத்தாரே, அவர் எந்த மேனாட்டில் ஓதினார்? அவர் பிறந்த தூனிசியா, பெற்றோரின் அடிக்குச் சட்டம் தந்திருந்த விலக்கை 2010இல் நீக்கிவிட்டது.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி ஆசிரியரின் பிரம்பைப் பறித்தது. வீட்டுப் பிரம்புக்கோ இன்னும் நிழல் உண்டு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மை கருதி, காப்பாளர் நல்லெண்ணத்துடன் செய்வது குற்றமன்று என்ற 1860ஆம் ஆண்டு விதி, 2023இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27ஆம் பிரிவாகக் குடியேறியிருக்கிறது. அந்த நல்லெண்ணத்துக்கு முதற்சாட்சி யார்? அடித்தவரே!

பத்து வயதில் தொழாத பிள்ளையை அடிக்கச் சொல்லும் ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவர். (ஏழு வயதில் ஏவச் சொல்லும் முற்பகுதி ஏனோ அவர்கள் நினைவில் நிற்பதில்லை.) மூன்றாண்டு ஏவலுக்குப் பின் வருகின்ற அச்சொல்லை, கஞ்சியைக் கொட்டிவிட்ட நாலு வயதுக் குழந்தையின் முதுகில் பொருத்துவது எந்த ஃபிக்ஹு? பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) ஒருமுறையேனும் ‘சீ’ என்றதில்லை.

தாய் தந்தையர் சிறைக்குப் போவார்களே என்று அஞ்ச வேண்டாம். சுவீடன் தன் தடையைப் பெற்றோர் கடமை கூறும் சட்டத்தில் எழுதியது. அதற்கெனத் தனித் தண்டனை எதையும் வைக்கவில்லை. நாமும் அவ்வாறே எழுதி, அடிப்பது இவ்விலக்கில் அடங்காது என்று 27ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கலாம்.