தாதாபாய் பார்த்த கணக்கு

ஏற்றுமதி, இறக்குமதி என்ற வார்த்தைகளைக் கண்டவுடனே பக்கத்தைப் புரட்டிவிடும் நேயர்களை நான் அறிவேன். நானும் அந்தக் கோஷ்டியில் நெடுநாள் இருந்தவன்தான். தாதாபாய் நௌரோஜி அந்த வறட்டுப் புத்தகங்களில் என்ன கண்டார் என்று தெரிந்துகொண்ட பிறகே புத்தி வந்தது.

ஒரு கிருகஸ்தர் நூறு ரூபாய்ச் சரக்கை அசலூருக்கு விற்பனைக்கு அனுப்புகிறார். வண்டிச் சத்தமும் லாபமும் சேர்ந்து நூற்றுப் பதினைந்து ரூபாய்ப் பண்டம் திரும்பி வந்தால், வியாபாரம் ஒழுங்காக நடந்தது என்போம். எழுபது ரூபாய்ப் பண்டந்தான் வந்தது என்றால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பதை வீட்டிலுள்ள பாட்டியே கண்டுபிடித்துவிடுவாள்.

1870-களில் இங்கிலாந்தின் கணக்கில் ஏற்றுமதியைவிட இறக்குமதியே அதிகம். இந்தியாவின் மொத்தக் கணக்கிலோ நேர்மாறு. பருத்தியும் சணலும் அவுரியும் அரிசியும் கப்பலேறின. பதிலுக்கு வந்த துணி, இரும்பு, வெள்ளி எல்லாம் சேர்ந்தும் அவ்வளவு பெறவில்லை. "ஏற்றுமதி மிகுந்திருக்கிறது, ஆகவே தேசம் செழிக்கிறது" என்று உத்தியோகஸ்தர்கள் மெச்சிக்கொண்டார்கள். அப்படியானால் இங்கிலாந்தல்லவா வறுமையில் வாடியிருக்க வேண்டும்?

தாதாபாய் வெறும் ஏட்டுப் படிப்பாளி அல்லர். 1855-ல் காமா கம்பெனியின் கூட்டாளியாக லண்டன் சென்றவர். 1859-ல் சொந்தமாகப் பருத்தி வியாபாரம் தொடங்கியவர். துறைமுகத்தில் எழுதும் விலை ஒன்று, சரக்கு போய்ச் சேர்ந்து விற்கும் விலை வேறு என்பது அவருக்கு அநுபவப் பாடம். ஆகவே இரு தேசங்களின் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1876-ல் இந்தியாவின் வறுமையைப் பற்றிப் பம்பாயில் அவர் படித்த கட்டுரை அந்த உழைப்பின் பயன். இந்தியரின் தலைக்கு வருஷ வருமானம் சுமார் 20 ரூபாய் என்று அவர் கணக்கிட்டதும் அக்காலத்தில்தான்.

மிச்சம் எங்கே போயிற்று? வழி வெகு சாமர்த்தியமானது. இந்தியச் சரக்குக்கு விலை கொடுக்கவேண்டிய வியாபாரி, அவன் எந்தத் தேசத்தானாயினும், லண்டனில் இந்தியா மந்திரியிடம் பவுனைக் கட்டி ஓர் உண்டியலைப் பெற்றுக்கொள்வான். அதற்குக் 'கவுன்ஸில் பில்' என்று பெயர். அதைக் கல்கத்தாவிலோ பம்பாயிலோ சென்னையிலோ சர்க்கார் கஜானாவில் நீட்டினால் ரூபாய் கிடைக்கும். அந்த ரூபாய் யாருடையது? குடியானவன் கட்டிய கிஸ்தி! அவன் விளைவித்த பருத்திக்கு அவனுடைய வரிப் பணத்திலிருந்தே விலை கொடுத்தாயிற்று. பவுன் லண்டனிலேயே தங்கிப் பென்ஷனுக்கும், இந்தியா ஆபீஸ் செலவுக்கும், கடன் வட்டிக்கும் போயிற்று.

வட்டியில் ரயில் பாதைக்கான கடனும் உண்டே, ரயில் நமக்கும் பயன்பட்டதே என்று வாதிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. எவ்வளவு கடன், எவ்வளவு கப்பம் என்ற தர்க்கம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பணம் போன வழியைப் பற்றித் தர்க்கம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. அந்த நூற்றாண்டின் இறுதியில், இந்தியா-பிரிட்டன் வியாபாரத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால், இந்தியா விற்றதைவிட வாங்கியதே அதிகம். சீனாவிடமும் ஐரோப்பாவிடமும் விற்றுக் கிடைத்த மிகுதியே லண்டன் கணக்கைத் தீர்த்தது. இரண்டு தேசங்களின் கணக்கை ஆராய்கிறவன் மூன்றாவது தேசத்தின் புத்தகத்தையும் புரட்டாவிட்டால் ஏமாந்துதான் போவான்.

1892-ல் ஐந்தே வோட்டு வித்தியாசத்தில் தாதாபாய் பார்லிமெண்டு அங்கத்தினரானார். இந்தியாவின் செலவை விசாரிக்க 1895-ல் வெல்பி பிரபுவின் தலைமையில் கமிஷன் ஏற்பட்டபோது அதிலும் இடம்பெற்றார். 1897-ல் அதன் முன் சாட்சி சொல்லச் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர். விசாரிப்பவர்களின் வரிசையில் தாதாபாய் உட்கார்ந்திருந்தார்.