முயலுக்கும் கருத்தடையா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

மனிதன் விலங்குகளை உணவுக்காக வளர்த்தான், உழைப்புக்காக வளர்த்தான், இன்று அன்புக்காகவும் வளர்க்கிறான். அன்புக்காக வளர்ப்பவனுக்குப் பொறுப்பு குறைவு என்று பலர் எண்ணுகின்றனர். அவனுக்கே பொறுப்பு அதிகம் என்பது என் கருத்து.

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஆடு, கோழி, நாய் எல்லாம் உண்டு. முயல் புதிது. என் தங்கை வளர்க்கும் இரண்டு முயல்களில் ஒன்று ஆண், மற்றது பெண். பெண் முயலுக்குக் கருத்தடை அறுவை செய்யலாமா என்று பேச்சு எழுந்ததும் தெருவே சிரித்தது. "பொம்பளைங்களுக்குத்தான் ஆபரேஷன்னா, இப்ப முயலுக்குமா?" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. "இயற்கையா நடக்கிறதைத் தடுக்கிறது பாவம்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படிப்பு என்னோடுதான் தொடங்குகிறது. ஆகவே "படிச்சவன் நீயே சொல்லு" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் இயற்கையைப் பார்ப்போம். காட்டில் நரியும் பருந்தும் பசியும் நோயும் முயலின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன. கூண்டில் இவற்றுள் எது இருக்கிறது? பெண் முயல் நான்கைந்து மாதங்களிலேயே பருவமடைகிறது. இணை சேர்ந்த பிறகே அதற்குச் சினைமுட்டை வெளிப்படுவதால் சேர்க்கை பெரும்பாலும் வீண்போவதில்லை. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். ஈன்ற அன்றே மீண்டும் சினையாகவும் கூடும்! 1859-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக விட்ட ஏறத்தாழ இரண்டு டஜன் முயல்களின் வழிவந்தவை அக்கண்டத்தின் பெரும்பகுதியை மேய்ந்து பாழாக்கிய கதை உலகறிந்தது.

"குட்டிகளை முட்புதரில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்போரும் உண்டு. வளர்ப்பு முயல் ஐரோப்பிய இனத்தின் வழிவந்தது. நம் காட்டு முயல் வேறு இனம். கூண்டில் பிறந்த வெள்ளை முயலைப் புதரில் விடுவது நாய்க்கு இரை வைப்பதே ஆகும்.

ஆணையும் பெண்ணையும் தனித்தனியே அடைத்தால் போதாதா? குட்டிகளைத் தடுக்க அது போதும், செலவும் இல்லை. ஆண் முயலுக்கு அறுவை செய்வதும் எளிது. ஆனால் அதன் பிறகும் சில வாரங்கள் பிரித்தே வைக்க வேண்டும். எனினும் இவ்விரு வழிகளாலும் தீராத கேடு ஒன்று உண்டு. அதுதான் கருப்பைப் புற்றுநோய். நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களில், சில இனங்களில், பாதிக்கு மேற்பட்டவற்றில் இந்நோயைக் கண்டிருக்கிறார்கள். நன்கு பேணினால் எட்டுப் பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. கருப்பையையும் சூலகத்தையும் இளமையிலேயே நீக்கினால் இந்த அச்சம் நீங்குகிறது.

அறுவையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மயக்க மருந்தைத் தாங்குவதில் முயல் நாயையும் பூனையையும்விட மென்மையானது. முயலால் வாந்தி எடுக்க முடியாது; அதன் குடல் ஓயாமல் இயங்க வேண்டும். எனவே அறுவைக்கு முன் பட்டினி போடக்கூடாது. பின்னர் அது தின்னாமல் கிடந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியை மறைத்துக்கொள்வதும் அதன் இயல்பு. ஆதலால் முயலுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவரே வேண்டும்.

என் முடிவு இதுதான். இன்றே இரண்டையும் பிரித்து வைப்போம். சித்திரை வெயிலில் பேருந்துப் பயணம் முயலுக்கு ஆகாது; மார்கழிக் குளிரில் பெண் முயலைச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். அது அறுவையைத் தாங்கும் என்று மருத்துவர் சொன்னால் மட்டுமே செய்வோம். ஒன்றுக்கு மட்டுமே கையில் பணம் இருப்பதால் அதைப் பெண்ணுக்கே செலவிடுவோம். குட்டிக்கும் நோய்க்கும் ஒருசேர வழி அடைபடும்.

அப்பாவுக்கு நான் சொல்லும் விடை நம் தொழிலிலேயே இருக்கிறது. ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்று பாடு முறை வகுத்தவர்கள் நம் பெரியவர்கள். கடலில் மீன் பெருகட்டும் என்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பெருக வேண்டிய இடத்தில் பெருக விடுகிறோம். பெருக்கம் துன்பமாகும் இடத்தில் தடுப்பதும் அதே அறிவின் மறுபக்கம் அல்லவா? கூண்டுக் கதவைச் சாத்திய கை, உள்ளே இருக்கும் உயிருக்குக் கடமைப்பட்ட கை. சிந்திப்போமாக!