கணியூருக்கு எப்போது போகலாம்?

இத்தாலி தேசத்துக் கிராமங்களைக் காண உகந்த பருவம் எது என்று கேட்டால், நம்மில் படித்தவர் பலர் தயங்காமல் விடை சொல்லுவர். வசந்தத்தில் காட்டுப் பூக்கள், கோடையில் வெயிலும் கூட்டமும், இலையுதிர் காலத்தில் திராட்சை அறுவடை, அதன் பிறகு ஆலிவ் எண்ணெய் என்று அடுக்குவர். கணியூருக்கு எப்போது போகலாம் என்று கேட்டாலோ, "அது எங்கே இருக்கிறது?" என்பர்.

கணியூர் இருப்பது திருப்பூர் ஜில்லாவில், மடத்துக்குளத்துக்கு அருகே, அமராவதி ஆற்றை ஒட்டி. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தனர். ஆயினும் ஆனியும் ஆடியும் முதுவேனில் என்ற ஏட்டுக் கணக்கு இவ்வூரில் செல்லாது. அப்போது மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டு வந்துவிடும். தென்னை மட்டைகள் ஓயாமல் சலசலக்கும். உடுமலைச் சீமையின் காற்றாலைகள் சுழலும். மேல்காற்று மழையை மலைக்கு அப்பாலேயே பெரும்பாலும் கொட்டிவிடுவதால், ஊருக்குள் விழுவது தூறலே. ஆனால் மலையில் பெய்த மழை பாம்பாறு, சின்னாறு, தேனாறு வழியே இறங்கி அமராவதியைச் சேரும். வானத்தில் மேகம் ஓட, வாய்க்காலில் தண்ணீர் ஓடும் விந்தையைக் காண விரும்புவோர் ஆடி ஆவணியில் வருக.

ஐப்பசியும் கார்த்திகையும் இவ்வூருக்கு உண்மையான மழைக்காலம். கரிசல் மண் காலைக் கவ்விக்கொள்ளும்; குடையும் பொறுமையும் வேண்டும். திருமூர்த்தி மலைக்கும் போய்வர எண்ணுவோர், பஞ்சலிங்க அருவியில் வெள்ளம் உண்டா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நலம்.

மார்கழியும் தையும் விருந்தினருக்கு மிக இனியவை. காலையில் பனி, வயலில் கதிர், ஆலைக் கொட்டகையில் கருப்பஞ்சாறு காய்ந்து வெல்லமாகும் மணம். பொங்கலுக்கு வீட்டு இறவாணத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டுவர். சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலுக்கு மாடு வைத்திருப்போர் பாலுடன் திரள்வர். தைப்பூசத்தை ஒட்டி மடத்துக்குளம் சாலையில் பழனிக்குப் போகும் காவடிகளைக் காணலாம்.

பங்குனி, சித்திரையில் வராதீர்கள் என்று சொல்லுவது வழக்கம். நாமோ, அப்போதும் ஒரு முறை வாருங்கள் என்போம். வெயில் கடுமைதான், நுங்கும் இளநீரும் உண்டு, மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் நட்டு ஆடுவர். ஆற்றிலே நீர் மெலிந்து, பாறையும் மணலும் தெரியும். அதைக் கண்டவனுக்கே தை மாதத்துப் பசுமையின் விலை புரியும்.

அந்தப் பசுமை தானாக வந்ததன்று. அமராவதி அணை எழுந்தது 1957-இல். அதற்கு வெகு காலம் முன்னரே கணியூர், கடத்தூர், சோழமாதேவி, காரத்தொழுவு ஆகிய ஊர்களின் ராஜ வாய்க்கால்கள் இந்நிலத்துக்கு நீர் ஊட்டின. இன்று எந்த நாளில் மதகு திறக்கும், எத்தனை நாள் தண்ணீர் ஓடும் என்பதைப் பொறுத்தே நெல்லா, கரும்பா, தென்னையா, தரிசா என்று குடியானவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போன பிள்ளைகள், மழை பெய்த ஆண்டில் வயலுக்குத் திரும்பி விடுவதில்லை.

ஆகவே கணியூருக்குச் செல்லும் நேயர்கள் படம் பிடிப்பதோடு நில்லாமல், "இந்த வருஷம் தண்ணீர் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கொட்டகையிலேயே வெல்லம் வாங்க வேண்டும். வாய்க்காலில் குப்பை போடாமல் வர வேண்டும். அயல் நாட்டுக் கிராமத்தைப் பருவம் அறிந்து பாராட்டும் நாம், நமக்குச் சோறிடும் கிராமத்தின் பருவத்தையும் அறிந்திருப்பது கடமையல்லவா?