கோல்ஃப்: ஃபேர்வே குறுகினால் ஆட்டம் கடினமாகும், சுவாரஸ்யமாகுமா?

கோல்ஃப் மைதானத்தைக் கடினமாக்கணுமா? பந்தை இறக்கும் புல்பரப்பான ஃபேர்வேயைக் குறுக்கு, இரண்டு பக்கமும் புல்லை வளரவிடு. 1999 ஓபன் போட்டிக்கு ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் அதைத்தான் செய்தார்கள். ஜெயித்த பால் லாரியின் ஸ்கோரே 6 ஓவர் பார். இளம் நட்சத்திரம் செர்ஜியோ கார்சியாவுக்கு முதல் நாளில் 89. கடினம்தான், சரி. ஆனால் யோசிக்க என்ன இருந்தது? நேரா அடி, இல்லன்னா தொலைஞ்சே. அவ்வளவுதான்.

அதே ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸைப் பாருங்கள். முதல் ஹோலுக்கும் 18-வது ஹோலுக்கும் ஒரே ஃபேர்வே. கிரிக்கெட்டே ஆடலாம் போல, அவ்வளவு அகலம். எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் அடுத்த ஷாட்டுக்கு வசதியான கோணம் வேண்டுமென்றால், பங்கர் எனும் மணற்குழியை உரசித்தான் போகணும். ரிஸ்க் எடுப்பதா, சுற்றிப் போவதா? ஆடுபவர்தான் முடிவு செய்யணும்.

17-வது ஹோலின் ரோடு பங்கர் பார்க்கச் சின்னதுதான். 1978 ஓபனில் ஜப்பானின் டாமி நகாஜிமா கிரீனில் இருந்து மெதுவாகத் தட்டிய பந்து, உருண்டு அதற்குள் போனது. வெளியே எடுக்கவே 4 அடி. ஹோலை முடிக்க 9. அங்கே மொத்தம் 100-க்கும் மேற்பட்ட பங்கர்கள். 2000-ல் டைகர் வுட்ஸ் 4 சுற்றிலும் ஒன்றில்கூட விழாமல், 8 ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். பலத்தைவிடத் திட்டத்துக்குக் கிடைத்த வெற்றி அது.

குறுகிய ஃபேர்வே டிவியில் மிரட்டலாகத் தெரியும். சனி, ஞாயிறு ஆட வருபவருக்கோ, புதருக்குள் பந்து தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.